கடைசிச் சட்டை

நான் பீடி சுற்றுகிறவள். மேலப்பாளையம். கும்பிடுபூச்சி வளர்க்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தப் பூச்சியை வாய்க்கால்கரைச் செடியில் குஞ்சாகப் பிடித்தேன். டப்பாவின் வாயில் கொசுவலைத் துணி கட்டி, அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். புகையிலைத்தூள் பட்டால் செத்துவிடும்.

அன்று காலை துணியில் தலைகீழாகத் தொங்கிச் சட்டை உரிக்கத் தொடங்கியது. இது கடைசிச் சட்டை. இதோடு சிறகு வரும். உரித்துச் சிறகு காயும்வரை டப்பா அசையக்கூடாது. பூச்சி விழுந்தால் கால் கோணிவிடும். அப்புறம் இரை பிடிக்காது.

தலை வெளியே வந்திருந்தது. அப்போது தெருவில் கொசுப்புகை மிஷின் உறுமியது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குள்ளும் அடித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையின் தாய் என் வாசலுக்கு வந்தாள்.

"லாத்தா, கதவத் தொறந்து போடுங்க."

"பூச்சி சட்டை கழத்துது. கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லு."

"எம்பிள்ள கெடந்து அனத்துது. ஒங்களுக்குப் பூச்சி பெரிசாப் போச்சோ?"

அவள் சொன்னது சரி.

புகைக்காரன் வந்துவிட்டான்.

"உள்ள எத்தன பேர் இருக்கீங்கக்கா?"

"நானும் ஒரு பூச்சியும்."

"பூச்சிக்குத்தானக்கா அடிக்கோம்!"

"பொறு தம்பி."

"மிஷின அணைச்சா மறுபடி கிளம்பாதுக்கா."

சோப்புப் போட்டுக் கை கழுவினேன். டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தேன். பின்கதவு வழியாக வாய்க்கால்கரைக்கு நடந்தேன். பைக் ஒன்று ஹாரன் அடித்தது. ஒதுங்கவில்லை. திட்டிவிட்டுப் போனான்.

மதகுப் பக்கம் நின்று பார்த்தேன். உடம்பு முழுக்க வந்துவிட்டது. ஒரு பின்கால் மட்டும் சட்டைக்குள் மாட்டியிருந்தது. அதில்தான் தொங்கியது. டப்பாவை அசைக்காமல் நின்றேன். உடம்பை மேலே வளைத்துத் துணியைப் பிடித்தது. கால் உருவிக்கொண்டு வந்தது. சிறகுகள் ஈரத்துணி மாதிரி தொங்கின.

புகைக்குப் பயந்து அடுத்த வீட்டுக்காரியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே வந்தாள். பிள்ளை கண் திறக்கவில்லை.

"தொண்டையில தண்ணிகூட எறங்கல லாத்தா. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கு."

"கூட யாரு வாரா?"

"யாரும் இல்ல."

ஆட்டோ வந்தது. டப்பாவை மதகுச் சுவரில் பைய வைத்தேன். கை மரத்திருந்தது. ஏறி, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டேன். கொதித்தது.

பொழுது சாய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தேன். டப்பா சரிந்து கிடந்தது. பூச்சி துணியை விடவில்லை. ஒரு சிறகு நேராக இருந்தது, ஒன்று சுருண்டு காய்ந்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் அப்போதும் விடவில்லை.