மயில்கழுத்துப் பட்டும் என் வலக்கண்ணும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், பிள்ளைகளின் கல்யாணப் படங்களுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு வண்ணப் பென்சில் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கரும்பழுப்பில் ஒரு வட்டம். அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய மஞ்சள் பொட்டு. பொட்டிலிருந்து கிளை பிரிந்து ஓடும் சிவப்புக் கோடுகள். கோடுகளின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தீற்றல்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் நிலா என்பார்கள். என் சம்பந்தி ஒருவர், மங்குஸ்தீன் பழத்தை அரிந்து வைத்து வரைந்ததா என்று கேட்டார். இரண்டும் இல்லை. எனக்கு இருபத்து நாலு வயதில் என் வலக்கண்ணின் உட்புறம் இருந்த கோலம் அது. வரைந்த டாக்டர், அது நோய் பிடித்த கண் என்று நம்பித்தான் வரைந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடிய நீராவி ஃபெரியில் கயிறு வீசிக் கட்டுகிற வேலை எனக்கு. நாலு வருஷம் கயிறு இழுத்து உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. சுக்கான் பிடித்த பெரியவர் வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறப் போகிறார் என்றதும், அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மனசுக்குள் சுக்கானியாகிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜலசந்தியின் நடுவில் நின்று, கரையில் எந்தக் கடையின் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவன் நான்.

டாக்டர் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வெயிலில் சிவந்துபோன மூக்கு. நல்ல மனிதர், நிதானமானவர். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரைக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் கண்ணின் பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு, அறையை இருட்டாக்கி, நடுவில் துளையிட்ட ஒரு சின்ன வட்டக் கண்ணாடியால் விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பினார். தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, அசையாதே என்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் கண்ணின் உட்புறப் படங்கள், எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பில் பளிச்சென்று. மறுபடியும் என் கண்ணைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தை. பென்சில் பெட்டியைத் திறந்து வரைய ஆரம்பித்தார்.

கண்ணின் அடியில் வெள்ளையாக ஏதோ கசிந்து படர்ந்திருக்கிறது, இன்றைக்குப் பார்வை இருக்கலாம், சில வருஷத்தில் போய்விடக்கூடும், இப்படிப்பட்டவன் கையில் நூறு உயிர்களை ஒப்படைக்கக் கையெழுத்துப் போட முடியாது என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லி, மேலதிகாரியிடம் காட்ட ஒரு கடிதமும் அந்தப் படத்தின் பிரதி ஒன்றும் கொடுத்தார். வெளியே வந்தால் வெயில் ஊசியாகக் குத்தியது. கையில் இருந்த கடிதத்தின் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அது சொட்டு மருந்தின் வேலை என்பது எனக்கெங்கே தெரியும்? அதற்குள் தொடங்கிவிட்டது என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

என்னைப் பெற்ற உம்மா அழுதார். மறுநாள் பார்வை தெளிந்த பிறகும் பயம் தெளியவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் மலை உச்சியின் கொடிக்கம்பத்தைத் தேடுவேன். தெரியும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி தேடுவேன். கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. கொடுத்தால் இருக்கிற கயிறும் போய்விடும்.

என் ராத்தாவைக் கட்டிய மச்சான் அப்போதுதான் இதில் நுழைந்தார். ராத்தா என்றால் எங்களுக்கு அக்காள். மச்சான் பினாங்கு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வாய் ஓயாத மனிதர். கடைக்கு வருகிற சீனத்திகளிடம் மலாயில் பேசுவார், மலாய்க்காரிகளிடம் தமிழைக் கலப்பார், வெள்ளைக்காரிகளிடம் பேசும் இங்கிலீஷில் வினைச்சொல்லே இருக்காது. ஆனால் துணியைக் கையில் எடுத்துவிட்டால் வாய் மூடிவிடும். எந்தப் பட்டையும் கடைக்குள் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் மூன்று பக்கமும் சாய்த்துப் பார்ப்பார். கறை இருக்கிறது என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களையும் அந்த வாசலில்தான் நிறுத்துவார்.

என் படத்தையும் அப்படித்தான் வாசலுக்கு எடுத்துப் போனார். "மாப்ளே, இந்த வெள்ளை வெள்ளையா இருக்கே, இத அந்தத் தொர எப்புடிப் பாத்தாரு? வெளக்க ஆட்டி ஆட்டிப் பாத்தாரா, ஒரே எடத்துல வச்சிப் பாத்தாரா?" என்று கேட்டார்.

"ஒரே எடத்துலதான். என் தலையக்கூட அசைய விடலயே மச்சான்."

"அப்ப அவரு இன்னும் பாக்கவே இல்லலா. கறைன்னா குந்துன எடத்துலயே குந்திக்கிட்டு இருக்கும். பளபளப்புன்னா ஓடும். நானும் ஒங்கூட வர்றேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கண் என்ன, சேலை முந்தானையா? ஆனால் தனியாகப் போகவும் தைரியமில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது மச்சான் சட்டைக்குள்ளிருந்து ஒரு முழம் மயில்கழுத்துப் பட்டை உருவினார். நெடுக்கே நீலப் பாவு, குறுக்கே பச்சை ஊடை. டாக்டரின் மேஜை விளக்குக்குக் கீழே அதை விரித்து, "டாக்டர், யூ லுக் ஒன் ப்ளேஸ். க்ளாத், ஐ லுக் த்ரீ ப்ளேஸ்" என்றார். டாக்டரின் மூக்குச் சிவப்பு முகமெல்லாம் பரவியது. வெளியே போ என்று சொல்லப் போகிறார் என்று நான் எழுந்தே விட்டேன். மச்சான் அசையவில்லை. பட்டின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கினார். வெள்ளையாக மினுங்கிய கோடு துணி முழுக்க ஓடி மறுபக்கம் போனது. இறக்கினார். திரும்பி வந்தது.

டாக்டர் அதையே பார்த்தார். பிறகு அவரே அந்த முனையைப் பிடித்துத் தூக்கினார். அறையை இருட்டாக்கி என்னை உட்கார வைத்தார். இந்த முறை தலையைப் பிடிக்கவில்லை. கண்ணை இடப்பக்கம் ஓட்டு, வலப்பக்கம் ஓட்டு என்றார். கண்ணாடியைச் சாய்த்தார், நிமிர்த்தினார். அப்புறம் கதவைத் திறந்து, மருந்து கட்டுகிற இளைஞனை, நம் ஆள்தான், கூப்பிட்டு அவன் கண்ணைப் பார்த்தார். அடுத்து வெளியே காத்திருந்த ஒரு சீனப் பையனை. எல்லாக் கண்ணிலும் அதே மினுக்கம், எல்லாவற்றிலும் ஓடுகிற மினுக்கம்.

விளக்கைப் போட்டதும் அந்தத் தடித்த புத்தகத்தை மூடிவைத்தார். "இதில் இருப்பதெல்லாம் என் ஊர்க்காரர்களின் கண்கள்" என்றார் மெல்ல. அது நோயே இல்லை, உட்புறம் சிவந்த கண்ணில் சட்டென்று தெரியாத மினுக்கம், உட்புறம் கறுத்த கண்ணில், அதுவும் இளவயதில், பளிச்சென்று தெரியும் என்று விளக்கினார். தவறு தன்னுடையது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். எத்தனை பெரிய மனிதர்களுக்கு அந்த மனசு வரும்? கையெழுத்தைப் போட்டுவிட்டு, அந்தப் பட்டுத் துண்டைத் தனக்குத் தர முடியுமா என்று மச்சானிடம் கேட்டார்.

திரும்பி நடக்கும்போது, "ஒங்களுக்கு எப்புடி மச்சான் தெரிஞ்சது?" என்றேன்.

"தெரியாதுலா. எனக்குக் கண்ணப் பத்தி என்ன தெரியும்? ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. என் கையில இருந்தது துணிதான், அதக் கொண்டாந்தேன்" என்றார்.

நான் சுக்கானியானேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நீரைக் கடந்தேன். அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த உறவுக்காரர்களைப் பார்க்க மச்சான் என் ஃபெரியில்தான் ஏறுவார். என் முதுகுக்குப் பின்னால் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "ஓட்டுறவரு கண்ண நான்தான் பாஸ் பண்ணேன், பயப்படாதீங்க" என்பார். எத்தனையோ முறை கெஞ்சியும் நிறுத்தவில்லை. அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு வந்த முதல் பயணத்தில் என் முதுகு சும்மா இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் கண் பரிசோதனைக்குப் போனேன். இப்போது பென்சில் இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு வெளிச்சம் அடித்தது, கண்ணின் படம் கையில் வந்துவிட்டது. சின்ன வயசு டாக்டரம்மா, நம் பெண். "நல்லா இருக்கு தாத்தா, சுத்தமா இருக்கு" என்றாள். எனக்குத் திருப்தி இல்லை. அந்த மினுக்கம் எங்கே என்று கேட்டேன். வயசானால் அது மங்கிவிடும் என்றாள்.

வீட்டுக்கு வந்து சட்டத்தின் பக்கத்தில் புதுப் படத்தை வைத்துப் பார்த்தேன். அதே மஞ்சள் பொட்டு, அதே சிவப்புக் கோடுகள். வெள்ளைத் தீற்றல் மட்டும் இல்லை. வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் மூன்று பக்கமும் சாய்த்தேன். காகிதத்தின் வழவழப்பில் வெள்ளையாக ஒரு கோடு என் கண்ணின் மேல் ஓடி, மறுபக்கம் போய், திரும்பி வந்தது. "ஓடுது மச்சான்" என்றேன்.