சித்தி இழுத்த வண்டி

என் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் என் அம்மா, இளையவள் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பெண்ணாய்ப் பிறந்த எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஆண் வாரிசு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் வீட்டில் சண்டை வரும் என்று தங்கையையே கட்டிவைத்தார்கள். எனக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளைச் சித்தி என்றே கூப்பிட்டேன். வாரிசு மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்த வாரிசு ஆளவேண்டிய ராஜ்யம், சிதம்பரத்தில் ஒரு ஓட்டு வீடும் காட்டுமன்னார்கோயில் பக்கம் கொஞ்சம் நிலமும்.

2006 வாக்கில் சித்தி மார்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேரப் பார்த்தாள். கடலூரில் அவள் வேலை பார்த்த தையல் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் கூட்டம் ஜெபத்துக்குக் கூடும். நடத்த வந்தவர்கள் இரண்டு பையன்கள். ஒருவன் அமெரிக்கா, இன்னொருவன் ஆந்திரா. வெள்ளைச் சட்டை, டை, ஆளுக்கொரு சைக்கிள். மீசை சரியாக முளைக்காத அவர்களுக்கு அங்கே மூப்பர் என்று பட்டம். நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்ததால் சித்தி என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் மொழிபெயர்க்க நிறுத்தினாள். எனக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சித்தியை இழுத்தது ஒரே ஒரு போதனைதான். குடும்பம் சாவோடு முடிவதில்லை, மறுமையிலும் சேர்ந்தே இருக்கும் என்றார்கள். பிள்ளை இல்லாதவள், வந்த இடத்தில் பாதிப் பங்குக்காரி, அவளுக்கு அது பெரிய வார்த்தை. அம்மாவிடம் வந்து சொன்னாள்.

"செத்தப்புறமும் இந்த ஆளு கூடவா?" என்றாள் அம்மா. "இங்க பட்டது போதாதாடி?"

சித்தி அசரவில்லை. டீ, காப்பி கூடாது என்று அங்கே சட்டம். அன்றே நிறுத்தினாள். குறிஞ்சிப்பாடி மாமா வீட்டில் நீட்டிய காப்பியை வேண்டாம் என்றதற்கு, மாமா ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. அவளுக்கு வேண்டியது ஞானஸ்நானம். மற்றவர்களைப் போல வெள்ளை உடுத்தித் தொட்டியில் முழுகி எழுந்து, நானும் உங்களில் ஒருத்தி என்று நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

முழுக்குக்கு முன்னால் ஒரு பேட்டி உண்டு. வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், ரொம்ப மரியாதையானவர். கணவருக்கு வேறு மனைவி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆமா, எங்க அக்கா," என்றாள் சித்தி. "வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கு. நான் முழுகறதப் பாக்கணும்னு புளிசோறு கட்டிக்கிட்டு வந்திருக்கு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள விதியில்லை, கணவரைப் பிரிந்து தனியாக வாழ்ந்தால் சந்தோஷமாகச் சேர்ப்போம் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் புளிசோற்றைப் பிரித்தபோது அம்மா சொன்னாள், "அந்த ஆள விடுன்னா தாராளமா விட்டுடு. என்ன விட்டுட்டு எங்கடி போவ?"

சித்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் போனாள்.

ஜூலையில் முன்னோடிகள் தினம் வந்தது. அந்த மதத்தின் ஆதிகாலத்தில் அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகக் கைவண்டி இழுத்துக்கொண்டு பாலைவனமும் பனியும் கடந்து போனார்களாம். அதைக் கடலூரில் நாங்கள் நடித்துக் காட்டவேண்டும். பனிக்குக் கடற்கரை மணல். கைவண்டிக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் விற்பவரின் தள்ளுவண்டி, வாசனையோடு. பெண்களுக்கெல்லாம் தலைக்குல்லாய் தைத்தது சித்தி. டீச்சர், பேங்க் வேலை என்று இருந்த அக்காமார்கள் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மணலில் சக்கரம் புதைந்து நின்றது. ஞானஸ்நானம் கொடுக்க முடியாதவளை முன்னோடியாக்க விதி எதுவும் குறுக்கே வரவில்லை. சித்தி புடவையை இழுத்துச் செருகி, குல்லாயும் அதுவுமாக வண்டியைக் கரைவரைக்கும் இழுத்தாள். கூட்டம் கைதட்டியது. சுண்டல் விற்றவரும் கைதட்டினார்.

பார்வையிட வந்திருந்த அமெரிக்க அம்மாள் கண்கலங்கிவிட்டார். சித்தி நடித்தது அவருடைய கொள்ளுப்பாட்டியின் கதையாம். வழியில் கைக்குழந்தையைப் பறிகொடுத்து, பனியிலேயே புதைத்துவிட்டு நடந்தவள். போய்ச் சேர்ந்தபிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்டேன். அம்மாள் பெருமையாகச் சொன்னார். அங்கே ஒரு பெரிய மனிதருக்கு மூன்றாம் மனைவியாகி, மற்ற இருவரோடும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்ந்தாளாம். அப்போது அது தேவகட்டளை, பின்னால் மாறிவிட்டது என்றார்.

எல்லோர் காதிலும் விழும்படி உரக்க மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. சித்தி குல்லாயைக் கழற்றி மணலை உதறினாள். மறுநாள் காலை அம்மா காப்பி போட்டபோது சித்தி தனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். அதற்கப்புறம் மேல்மாடி ஏறவில்லை.

2011இல் அப்பா போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு புதிதாக வந்திருந்த இரண்டு மூப்பர்கள் சிதம்பரம் வரை தேடி வந்தார்கள். பழைய பையன்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும். துக்கம் விசாரித்தார்கள். பிறகு முகம் மலர, இனி சகோதரிக்கு ஒரு தடையும் இல்லை, ஞானஸ்நானம் எடுக்கலாம் என்றார்கள்.

சித்தி அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். தனக்கும் அக்காவுக்கும் காப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"பனியில வண்டி இழுத்துட்டுப் போயி மூணாந்தாரமா இருந்துச்சே அந்தப் பாட்டியம்மா," என்றாள். "அவுங்களுக்கும் புருஷன் செத்தப்புறந்தான் முழுக்கு குடுத்தாங்களான்னு கேளு."

கேட்டேன். இரண்டு பையன்களும் ஜூஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.