பஸ்ஸில் வந்த அணி உரிமையாளர்

இன்று மதியம் லண்டன் எட்மண்டனில் வசந்தி அக்காவுடன் பஸ் ஏறினேன். அமெரிக்கக் கால்பந்து ஆட்டமாம், பஸ் முழுக்க ஓர் அமெரிக்க அணியின் நிறச் சட்டைகள்.

முன் இருக்கையில் இருந்த அமெரிக்கர் திரும்பி, தானும் அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர் என்றார்.

அக்கா என் கையைக் கிள்ளினார். "ரீம் வைச்சிருக்கிறவன் ஏனடி பஸ்ஸில வாறான்? கதை குடுக்காதை."

காணிப் பங்கு என்று யாரிடமோ காசு கொடுத்து ஒருமுறை ஏமாந்தவர் அக்கா. எனக்கும் சந்தேகம்தான்.

அமெரிக்கர் போனில் பங்குப் பத்திரத்தின் படத்தைக் காட்டினார். அணியை மூடும் நிலை வந்தபோது, அதன் சொந்தச் சின்ன ஊர்ச் சனமே பங்கு வாங்கிக் காப்பாற்றியதாம். தனி முதலாளி இல்லையாம். அவருடைய பங்கு அம்மா வாங்கிக் கொடுத்தது.

"லாபம் என்ன தருவாங்கள் எண்டு கேள்."

கேட்டேன். ஒரு சதமும் வராதாம். விற்கவும் முடியாதாம்.

"அப்ப என்னத்துக்கு?" அக்காவே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார்.

"எங்கள் அணியை யாரும் வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது," என்றார்.

எனக்கு மனம் இளகிவிட்டது. நானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன்.

"இப்போது விற்பதில்லை," என்று சிரித்துவிட்டு, மைதானத்தடியில் இறங்கிப் போனார்.

"பாத்தீங்களோ அக்கா, ஏமாத்துறவன் எண்டால் வித்திருப்பான்."

"விக்கமாட்டன் எண்டுறவனிலதான் கூடக் கவனமா இருக்கோணும்."

வீட்டுக்கு வந்ததிலிருந்து, அந்தப் பங்கு அடுத்து எப்போது விற்பனைக்கு வரும் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னது சரிதானோ, நீங்களே சொல்லுங்கள்.