முப்பது விழுக்காடு மழை

எண்பதுகளில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், வானிலை முன்னறிவிப்புத் தாளை விமானிகளுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. மழை வாய்ப்புக்கு அதில் முப்பது விழுக்காடு, நாற்பது விழுக்காடு என்று இரண்டே எண்கள்தான். முப்பதுக்குக் குறைவென்றால் எழுதவே மாட்டோம். பாதிக்கு மேல் போனால் எண்ணே போடாமல், மழை வரும் என்று எழுதிவிடுவோம். ஆக, முப்பது என்று போட்டாலே விஷயம் இருக்கிறது. புது விமானி எவனாவது அதைப் பார்த்துச் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்க வைத்துப் பாடம் நடத்துவேன். அவ்வளவு பெரிய மேதாவி நான்.

அப்பா ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, அதே ஊரில் ஆயர் ஈத்தாமில் இருந்த எங்கள் வீட்டில் இறந்துபோனார். மாலை நாலு மணிக்கு எடுப்பதாக முடிவானது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை கோலாலம்பூரில் இருந்தார். அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஏழு மணி பஸ்ஸ பிடிக்கவா, இல்ல ஒரு மணி பிளேன்ல வரவா? வெதர் எப்படிடா?"

அண்ணன் வங்கி அதிகாரி. என் வேலையை மழை ஜோசியம் என்று நாலு பேர் முன்னால் கிண்டலடிப்பவர். அன்றுதான் முதல்முதலாக என்னிடம் யோசனை கேட்டார். அலுவலகத்தில் விசாரித்தேன். ஒன்றிலிருந்து மூன்று மணிவரை இடிமழை, முப்பது விழுக்காடு.

"முப்பது பெர்சென்ட்தான் அண்ணே. பிளேன்லயே வாங்க. நான் சொல்றேன்லா."

ஒன்றரைக்கு வானம் இருட்டிக் கொட்டியது. விமானம் மூன்று முறை வட்டமடித்துவிட்டு கோலாலம்பூருக்கே திரும்பிப் போனது. ஐந்து மணிவரை காத்திருந்தோம். "இனி தாங்காது, சின்னவனே வைக்கட்டும்" என்றார் பெரியப்பா. எனக்கு மொட்டை அடித்தார்கள். சுடுகாட்டில் நல்ல வெயில். அந்த வெயிலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"மழைக்கு நீ என்ன பண்ணுவே தம்பி?" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் மழையையா குற்றம் சொன்னேன்? முப்பதுக்கு என்ன அர்த்தமென்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேட்டு அண்ணன் வந்து இறங்க வேண்டுமென்ற அற்ப ஆசை, அதை விழுங்கிவிட்டது.

அண்ணன் அடுத்த விமானம் பிடித்து அந்தி சாயும்போது வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். என் மொட்டைத் தலையையே பார்த்தார்.

"விசாரிச்சேன்டா. அந்த ஏழு மணி பஸ்ஸு மூனேகாலுக்கே வந்துடுச்சாம்."