படகுக்குள் படுத்திருப்பவர்

ஃபோம் பலகையின் ஓரத்தைக் கீழுதட்டில் வைத்துப் பார்க்கிறார் டொக்கம்மா. கண்ணை மூடிக்கொள்கிறார். துளி ஈரம் இருந்தாலும் உதடு சொல்லிவிடுமாம். "ம்ஹூம், இது இன்னும் காயணும்" என்று ஒன்றை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பன்னிரண்டு பலகை, பன்னிரண்டு முத்தம். படகுப் பட்டறையில் இதைக் கேலி செய்யாதவர் இல்லை. "வீட்டுக்காரருக்குக்கூட இத்தனை குடுத்திருக்க மாட்டீங்க" என்று பெயின்டர் ஒருமுறை சொன்னார். "அவரு ஏற்கெனவே காஞ்சுபோன ஆளு, அவருக்கு எதுக்குடா டெஸ்ட்டு?" என்று பதில் வந்தது. பதில் சொல்வதற்கு முன் பெயின்டரின் வாயையே பார்த்தார். யார் பேசினாலும் அப்படித்தான் பார்ப்பார், பேச்சை வாயிலிருந்து கையால் எடுக்கப் போகிறவர்போல.

ஃபைபர் படகுக்குத் தோல் இரண்டு. வெளித்தோல், உள்தோல், நடுவே விரல் தடிமனில் ஃபோம். நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே பளபளப்பாக இருக்கும் படகு உள்ளே சொதசொதத்துப் போகும். உள்தோலை அறுத்தெடுத்து, ஊறியதைச் சுரண்டி, புதுப் பலகையை வெளித்தோலோடு ஒட்ட வேண்டும். ஒட்டுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால், அந்த இடம் ஒவ்வோர் அலைக்கும் அமுங்கி எழும். ஒருநாள் பிரியும். அன்று படகில் யார் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. டொக்கம்மா இருபத்தெட்டு வருடமாகச் செய்வது இந்த ஒட்டு வேலைதான்.

பெயர் வந்தது தட்டுவதால். பழைய கதவின் பித்தளைக் குமிழ் ஒன்றைக் குச்சியில் மாட்டி வைத்திருக்கிறார். ஒட்டு இறுகிய மறுநாள், இடது உள்ளங்கையைப் படகின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, வலக்கையால் டொக் டொக்கென்று வெளியே தட்டிக்கொண்டு போவார். கணவர் படகுக்குள் பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பார். சரியாக இருந்தால் உள்ளிருந்து ஒரு தட்டு. காற்று இருந்தால் இரண்டு. இரண்டு தட்டிய இடத்தைக் கணவரே உள்ளிருந்து சாக்பீஸால் வட்டமிடுவார். அங்கே துளை போட்டு ரெசின் பசை ஏற்றினால்தான் உள்தோல் மூடப்படும். "நான் வெயில்ல வேகுறேன், இவரு உள்ள ஒய்யாரமாப் படுத்துக்கிட்டு ஒண்ணு, ரெண்டு எண்ணுறாரு!" என்று பட்டறைக்கே கேட்கும்படி டொக்கம்மா கத்துவார். அவர்களுடைய மகளும் அதை அப்படியே நம்பினாள்.

கணவர் இறந்துபோய் ஐந்து வாரம் ஆகிறது. அவர் காதில் செருகியிருந்த சாக்பீஸ் இப்போது டொக்கம்மாவின் காதில் இருக்கிறது. அதைக் கொண்டு அவர் எதையும் வரைந்து யாரும் பார்க்கவில்லை.

ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த முதல் வேலை, அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு. மகள் விடுப்பு நீட்டித்து உடன் வந்தாள். பொருள்கள் எந்த எடையில் உடையும் என்று சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. மணி பார்ப்பதும், காற்றை உறிஞ்சும் பம்ப்பின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு.

"ஹார்டனர ஊத்திட்டேன். மணியப் பாரு" என்றார் டொக்கம்மா. ஹார்டனர் சேர்ந்ததும் புட்டி என்கிற அந்த ஒட்டுப்பசை இறுக இருபத்தைந்து நிமிடம். பல் வைத்த கரண்டியால் அதை இழுத்துப் பரப்பி, பலகைகளை அழுத்தினார். பலகையில் போட்டிருந்த துளைகள் வழியாகப் புட்டி புழுப்புழுவாகப் பிதுங்கியது. "எல்லா ஓட்டையிலயும் வரணும். வராத ஓட்டை பொய் சொல்லுது." மேலே பாலித்தீன் விரித்து, ஓரமெல்லாம் பசைநாடா ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சத் தொடங்கியதும் தாள் பலகையோடு சுருங்கிப் படிந்தது.

பதினொரு நிமிடம் மீதி இருக்கும்போது கேஜின் முள் இறங்கியது.

"எங்கயோ லீக்கு" என்றாள் மகள், முள்ளைக் காட்டி. டொக்கம்மா முழங்காலிட்டு, நாடா நெடுகக் கீழுதட்டை உரசிக்கொண்டு போனார். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் மகளுக்குத் தெளிவாகக் கேட்டது. அது அம்மாவின் வலது குதிகாலுக்குப் பின்னால். அம்மாவோ எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, பின்னாடி."

திரும்பவில்லை.

"அம்மா!"

திரும்பவில்லை. ஒன்பது நிமிடம். ஐந்து வாரமாக வீட்டில் எத்தனை கூப்பிட்டும் அம்மா திரும்பாததை மகள் துக்கம் என்று நினைத்திருந்தாள். தாவிப் போய்க் கட்டைவிரலால் நாடாவை அழுத்தினாள். சத்தம் நின்றது. முள் ஏறியது.

டொக்கம்மா முள்ளைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். "எப்படிடி கண்டுபிடிச்ச?"

"சத்தம் கேட்டுச்சு."

"பம்ப்பு இரைச்சல்ல எனக்குக் கேக்கல."

பம்ப் முப்பதடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மகள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். டொக்கம்மா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"காதக் கிரைண்டர் சத்தம் தின்னுடுச்சு. பத்து வருஷம் இருக்கும். உங்கப்பாவுக்கு மட்டும் தெரியும்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "படுத்துக்கிட்டே சம்பாதிச்ச மனுஷன்" என்றார்.

மறுநாள் காலை படகுக்காரர் வந்து நின்றார். உள்தோல் போட இரண்டு பேர் ஃபைபர் சுருளோடு காத்திருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு மூடினாத்தான் நாளன்னைக்கு இறக்க முடியும். ஒரு நடைக்கு முப்பது பேரு. தட்டாட்டி என்ன, உங்க வேலையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதே" என்றார் டொக்கம்மா. மகளிடம் திரும்பி, "உள்ள போய்ப் படு" என்றார்.

பலகை குளிர்ந்திருந்தது. புட்டி வாடை மூக்கில் ஏறியது. மகள் காதை வைத்தாள். வெளியே டொக். இவள் ஒரு தட்டு. டொக். ஒரு தட்டு. அம்மாவின் இடது உள்ளங்கை எதற்காக எப்போதும் படகின் மேல் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பத்துப் பலகை தாண்டியது.

பதினொன்றாவது, நேற்று காற்று கசிந்த ஓரம். டொக் என்றுதான் கேட்டது. அடியில் காற்று இருந்தால் வரும் டப் என்றும் கேட்டதுபோல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் என்றால் ஓர் எண் வந்திருக்கும். இங்கே காது மட்டும்தான். அவள் கை எழவில்லை.

அம்மா மறுபடி தட்டினார். காத்திருந்தார்.

"சரியாத்தான் இருக்குக்கா, நானே கேட்டேன்" என்றார் படகுக்காரர்.

"நீ கேட்டது உன் அவசரத்த. சும்மா இரு."

மூன்றாவது முறை, மெதுவாக. மகள் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். டப்.

விரல் நுனியால் ஒன்று தட்டினாள். இரண்டாவதையும் தட்டினாள்.

வெளியே அம்மாவின் குரல். "சுருளைப் பட்டறைக்குள்ள கொண்டு போய் வைங்கடா. இன்னைக்கு மூடல."

"யாருக்கா சொன்னது? ஒரு சத்தமும் வரலியே!"

"உள்ள படுத்திருக்கிறவங்க சொன்னா சொன்னதுதான். பத்து வருஷமா அப்படித்தான்."

ஏணி இரண்டு படி கிறீச்சிட்டது. படகின் விளிம்புக்கு மேலே ஒரு கை வந்தது. முகம் வரவில்லை. விரலிடுக்கில் சாக்பீஸ் இருந்தது. மகள் எழுந்து வாங்கிக்கொள்ளும்வரை கை அப்படியே நீண்டிருந்தது.