பொய் வேப்பிலை

என் சின்ன மகளுக்குப் பால் மறக்கும் முன்பே கரப்பான் வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து, காது மடல், எல்லாம் வெடித்து நீர் கசியும். காய்ந்தால் மீன் செதில் மாதிரி உதிரும். தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொள்வாள். அதனால் கையில் துணிப் பையை மாட்டி நாடா கட்டித்தான் படுக்க வைப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே வரிசையாக அறைகள், பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கரி இறக்குகிறவர். கரித்தூள் அவர் கூடவே வீட்டுக்கு வரும். அது அவளுக்கு ஆகாது. உப்புக் காற்றும் ஆகாது. நான் மூன்றாவது வரை படித்தவள். இறால் கொட்டகையில் தலை கிள்ளும் வேலை. கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அவளைத் தொட மாட்டேன்.

அவளைக் கைக்குழந்தையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா தோலைப் பார்த்தார். மருந்து எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் குழந்தைக்கு அம்மை குத்தவே கூடாது. குத்தினா அந்தத் தடுப்பு மருந்து, அம்மைப்பால், இவ உடம்பு முழுக்கப் பரவிடும். உயிர் போயிடும். புரியுதா?"

"புரியுதும்மா."

"இன்னொண்ணு. வீட்டுல வேற யாருக்காவது குத்தினாலும், அந்தப் புண்ணு காய்ஞ்சு பக்கு உதிர்ற வரைக்கும் இவ கிட்டப் போகக் கூடாது. அந்தச் சீழ் பட்டாலே போதும்."

"அம்மை நோவே வந்துட்டா இன்னாம்மா பண்றது?"

அவர் குத்தக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "பக்கத்துல வந்துட்டா உடனே தூக்கிட்டு வா" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அதுதான்.

அந்தக் காலத்தில் கையில் அம்மை குத்தின தழும்பு இருந்தால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். பெரியவளுக்கு இருந்தது. சின்னவளுக்கு இல்லை. சேர்க்கப் போனபோது டாக்டரம்மா கொடுத்த சீட்டைப் பெரிய டீச்சரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மேஜைக்குள் வைத்துக்கொண்டார். ஜன்னல் ஓரம் காற்று வருகிற இடமாகப் பார்த்து அவளை உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் "சொறி, சொறி" என்று கத்தினார்கள். ஒரு நாள் பெரிய டீச்சர் வந்து அவளுடைய பெஞ்சிலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினாராம். அப்புறம் சத்தம் குறைந்தது.

அவள் ஒன்றாவது படிக்கும்போது பக்கத்துக் குப்பத்தில் அம்மை கண்டிருக்கிறது என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பக் குத்தப்போகிறார்கள் என்றார்கள். நான் கொட்டகையிலிருந்து அப்படியே ஓடினேன்.

"நீ பயப்படாதே" என்றார் பெரிய டீச்சர். "குத்த வர்ற அன்னிக்கு இவ வர வேணாம். எல்லாருக்கும் பக்கு உதிர்ந்த பிறகு நானே சொல்லி அனுப்புறேன். பாடத்தைப் பெரியவகிட்ட கொடுத்து விடட்டுமா?"

"பெரியவளையும் வேற வூட்டுக்கு அனுப்பப் போறேன் டீச்சர். அவளுக்கும் குத்துவாங்களே."

"அப்போ நானே வர்றேன்."

பெரியவளுக்குக் குத்தின அன்றே, வீட்டுக்குள் நுழையவிடாமல், வாசலோடு புளியந்தோப்பில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். அவள் அழவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். அவள் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பெரியவளை அனுப்பிவிட்டேன். லைனில் இருந்த மற்ற பிள்ளைகளை எங்கே அனுப்புவது? எல்லாக் கையிலும் புண். சீழ் கோத்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல எங்கள் அறைக்குள் ஓடி வந்தன. பாயில் உருண்டன. என் டம்ளரில் தண்ணீர் குடித்தன. நான் விரட்டினேன். மூன்றாவது அறைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. பால் விற்கிறவள். தொண்டை பெரிசு.

"இன்னாமே, எம் புள்ளய நாயத் தொரத்துற மாதிரி தொரத்துற? எம் புள்ளைக்கா தொத்து வியாதி? உம் பொண்ணுதான் சொறிஞ்சிகினு கீது!"

"அவளுக்கு ஆவாதுக்கா. டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமா, ஒலகத்துல இல்லாத டாக்டரம்மா! எல்லாக் கொயந்தைக்கும் குத்தறாங்க, மகாராணி பெத்த கொயந்தைக்கு மட்டும் ஆவாதாம்!"

கதவைச் சாத்தி வைத்தேன். வெயிலில் அறை கொதித்தது. வியர்வை பட்டால் சின்னவளுக்கு எரியும். அழுதாள். திறந்தேன். திறந்ததும் பிள்ளைகள் வந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது கையில் வேப்பங்கொத்து இருந்தது. வாசல் நிலையில் கட்டினார். முகமெல்லாம் கரி. கண் மட்டும் வெள்ளை.

"இன்னாயா இது?"

"வேப்பல."

"அது தெரியுது. யாருக்குக் கட்டற?"

"இனிமே ஒருத்தன் உள்ள வர்றானா பாரு."

"ஆத்தா வராத வூட்டுல கட்டலாமாயா? கோச்சுக்க மாட்டாளா?"

"அவ வரக்கூடாதுன்னுதான கட்டறேன். அவளுக்குத் தெரியும்மே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வேலை செய்தது. மறுநாளே லைன் அடங்கிவிட்டது. ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் தாளிக்க மாட்டார்கள், மீன் வறுக்க மாட்டார்கள், செருப்பு போட்டு வர மாட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மீன் வாடை இல்லாத லைனை அன்றுதான் பார்த்தேன். மூன்றாவது அறைக்காரி ஒரு சட்டி கூழ் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து போனாள்.

"நான் வாயில வந்தத பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதமே" என்று தூரத்திலிருந்து சொன்னாள். "ஆத்தா லேசா எறங்கிடுவா."

நான் கூழை எடுத்துக்கொண்டேன். வயிற்றுக்குள் போகவில்லை.

பெரிய டீச்சர் ஒருமுறை வந்தார். வேப்பிலையைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார். பொய்யாகக் கட்டியது என்று காதோடு சொன்னேன். சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாங்கள் யோசிக்காதது ஒன்றுதான். ஜனங்கள் அம்மையை மறைப்பார்கள். ஆனால் வேப்பிலையை மறைக்க மாட்டார்கள். அதனால் கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதில்லை. தெரு முனையில் நின்று, "எந்த வூட்டுல வேப்பல கட்டிகீது?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கார்ப்பரேஷன் வண்டி வந்து நின்றது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் இருந்தார். காக்கிச் சட்டை போட்ட ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னால், பெட்டியோடு ஒரு ஆள் பின்னால். லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"யாருக்கும்மா அம்மை?"

"யாருக்கும் இல்லீங்க."

"வேப்பிலை கட்டியிருக்கே?"

அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். சின்னவள் வாழை இலையில் படுத்திருந்தாள். பாய் உறுத்தும் என்று இலை போட்டிருந்தேன். அம்மை கண்ட பிள்ளையையும் அப்படித்தான் போடுவார்கள். கழுத்தெல்லாம் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. பெட்டி ஆள் ஒரு அடி பின்னால் போனார்.

"மறைக்காதேம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

தொத்து வியாதி ஆஸ்பத்திரி எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. நிஜமாக அம்மை கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். குத்தாத பிள்ளையை அவர்கள் நடுவில் போட்டால் என்ன ஆகும்?

"அம்மை இல்லீங்க. கரப்பான். பொறந்ததுலேந்து கீது."

"அம்மை இல்லையா? அப்போ தடுப்பு குத்தியிருக்கா? கையைக் காட்டு."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மை என்றால் வண்டி. இல்லை என்றால் ஊசி. எந்தப் பதில் சொன்னாலும் அவளைக் கொடுக்க வேண்டும்.

"குத்தக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க."

"சீட்டு இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல கீது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். குத்த வந்தால் ஓடி ஒளிகிற ஜனங்களை அவர் தினமும் பார்க்கிறவர். பின்னால் திரும்பிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஊசியைச் சுட்டெடுக்க ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தார்கள்.

நான் அவளைத் தூக்கி, மூலையில் முகத்தைத் திருப்பி, என் முதுகை அவர்களுக்குக் காட்டி உட்கார்ந்தேன். கத்தவில்லை. கத்தினால் கை தளர்ந்துவிடும்.

வாசலில் மூன்றாவது அறைக்காரியின் தொண்டை கேட்டது.

"ஏமே! அப்ப ஆத்தா வர்லியா? பொய்யாவா வேப்பல கட்ன?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி! லைனே மீன் வறுக்காம நாக்கு செத்துக் கெடக்குது! நாலு மொளகாய தாளிக்கக் கூடப் பயந்துகினு கெடந்தோம்! எவ்ளோ பெரிய ராங்கு வேல பண்ணிகீற!"

"அக்கா, பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சரக் கூட்டியாங்கக்கா."

திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் இருந்த பிள்ளையை இன்னொருத்தி கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன அப்பால கவனிச்சுக்கறேன்" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் குந்தினார். "கொஞ்சம் காட்டும்மா. பார்க்கத்தான் போறேன்" என்றார். நான் தடுக்கும் முன் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துத் துணிப் பையின் நாடாவை அவிழ்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். அம்மை என்றால் அங்கேயும் கொப்புளம் இருக்கும். ஒன்றும் இல்லை.

"அம்மை இல்ல" என்றார் பெட்டி ஆளிடம். "வண்டி வேணாம். ஊசியை எடு."

அப்போது பெரிய டீச்சர் வந்தார். குடையை விரித்தபடியே வாசலுக்குள் நுழையப் பார்த்தார், மூச்சு வாங்கியது. கையில் சீட்டு.

"இது என் பள்ளிக்கூடத்துக் குழந்தை. நான்தான் வீட்டுல வெச்சுக்கச் சொன்னேன். படிச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார். திரும்பப் படித்தார். விளக்கை ஊதி அணைத்தார்.

"முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்றார் என்னிடம். சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. "வேப்பிலையை அவிழ்த்துடு. நாளைக்கு வேற ஆள் வருவாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

பெரிய டீச்சர் அவிழ்ந்து தொங்கிய நாடாவையும் இன்ஸ்பெக்டர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைலேருந்து எத்தனை பேருக்குக் குத்தினீங்க?"

"குப்பம் முழுக்க."

"அந்தக் கையாலயா இவளைத் தொட்டீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எழுந்து போய்க் குழாயில் சோப்பு கேட்டுக் கழுவினார். இப்போது கழுவி என்ன? வெந்நீரும் சோப்பும் போட்டு அந்த மணிக்கட்டை நான் துடைத்தேன். எரிகிறது என்று அவள் கத்தினாள். "ஏதாச்சும் கொப்புளம் தெரிஞ்சா, காய்ச்சல் வந்தா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு. நிக்காதே" என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். போகும்போது லைன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் புண்ணின் மேல் துணி சுற்றிவிட்டுப் போனார். அவர் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். கரி படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். வேப்பிலையை அவிழ்க்க எழுந்தபோது மூன்றாவது அறைக்காரி குறுக்கே நின்றாள்.

"அவுக்காத நைனா. பொய்யோ மெய்யோ, ஆத்தாவ கூப்டாச்சு. சும்மா அவுத்துப் போட்டா போயிடுவாளா? தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும்."

அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். சின்னவள் தோலில் மஞ்சள் பட்டால் வெந்துவிடும்.

"அவளுக்கு ஊத்த முடியாதுக்கா" என்றேன்.

"அவளுக்கு ஆர் ஊத்தச் சொன்னா? கூப்ட்டது நீங்கதான? நீ ஒக்காரு."

குழாயடியில் உட்கார்ந்தேன். லைன் முழுக்கப் பார்க்க அவளே ஊற்றினாள். குடம் குடமாக ஊற்றினாள். பாதி வேண்டுதல், பாதி கோபம். "மீனில்லாம சாவடிச்சியே, மீனில்லாம சாவடிச்சியே" என்று ஒவ்வொரு குடத்துக்கும் திட்டினாள். சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தண்ணீரில் எது எது என்று தெரியவில்லை.

வேப்பிலையை அவிழ்த்தாயிற்று. அன்று ராத்திரி எல்லா அறையிலும் மீன் வறுத்தார்கள்.

அதன் பிறகு பொழுது விடிந்தால் என் முதல் வேலை அந்த மணிக்கட்டைப் பார்ப்பது. நாடாவை அவிழ்ப்பேன். பார்ப்பேன். வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பவும் பார்ப்பேன். நெற்றியில் கன்னத்தை வைத்துச் சூடு பார்ப்பேன். ஒரு நாள் விரலுக்குக் கீழே சிவப்பாக ஒன்று இருந்தது. அள்ளிக்கொண்டு தெரு முனை வரை ஓடிவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்த மூன்றாவது அறைக்காரி கையை வாங்கிப் பார்த்தாள்.

"எறும்புக் கடிமே" என்றாள். அவளும் மூச்சு வாங்கினாள்.

பெரியவள் பக்கு உதிர்ந்து திரும்பி வந்தாள். சின்னவள் ஓடிப்போய் அக்காவின் கையைத் தடவினாள். புதுத் தழும்பு, பளபளவென்று இருந்தது. "எனக்கு எப்பம்மா?" என்று கேட்டாள்.

அவள் மணிக்கட்டை எடுத்து, இன்னொரு முறை பார்த்தேன்.