ஏழே ஏழு ஃபைல்

ஷெர்வினுக்குச் சோம்பேறிகளைக் கண்டாலே ஆகாது. கட்டிக்கொண்ட மனைவி கேரலே அப்படி அமைந்ததில் அவனுக்குத் தீராத குறை. தொம்மலூரில் ஆபீஸ் வேலை. ஞாயிறானால் ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் மைக், ரெக்கார்டிங் எல்லாம் அவன் பொறுப்பு. ஒரே வேலையைக் கையால் இரண்டு தடவை செய்வது பாவம் என்பது அவன் கட்சி.

அதனால்தான் பழைய புனித வெள்ளிப் பிரசங்கங்களை எம்பி3யாகச் சுருக்க, கம்ப்யூட்டர் தானே செய்யும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசியவை. டெர்மினலில் ஒரு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. மூலப் பதிவுகள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்கைக் கேரலிடம் நீட்டி, "எல்லாத்தையும் அழிச்சிட்டு சர்ச் ஆபீஸ்ல குடுத்துடு" என்றான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குளோரியா அக்கா வந்தார். கணவர் டெரிக் தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"தம்பி, அவரு அஞ்சாவது வார்த்தை பேசினாரே, அதை என் ஃபோன்ல ஏத்திக் குடு. அவர் குரல்னு வீட்ல வேற எதுவுமே இல்ல."

ஷெர்வின் லேப்டாப்பைத் திறந்து ஐந்தாவதைத் தட்டினான். போன வருஷம் பேசிய ஓஸ்வால்டின் கட்டைக் குரல் வந்தது. ஃபோல்டரில் இருந்தவையே ஏழே ஏழு ஃபைல். எல்லா வருஷமும் அதே பெயர்கள்தான்: முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை. அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிய ஸ்கிரிப்ட், ஒன்றின்மேல் ஒன்றாக எழுதித் தள்ளியிருந்தது. பழையதன்மேல் எழுதலாமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தொல்லை செய்யாதே என்று அதற்குச் சொல்லிவைத்தவனும் அவனேதான்.

வெளியே ஓடிக் கேரலுக்கு ஃபோன் போட்டான். "அந்த டிஸ்க்... அழிச்சிட்டியா?"

"ப்ளீஸ், கத்தாதீங்க. நாளைக்கு நாளைக்குன்னு... இன்னும் தையல் மெஷின் மேலயே கெடக்கு. இன்னிக்குக் கண்டிப்பா அழிச்சிடறேன்."

"அழிக்காத! தாயே, அது பக்கத்துலகூடப் போகாத!"

போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து, இப்படியொரு சோம்பேறியைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு வாய்விட்டு நன்றி சொன்னான்.

சாயங்காலம் ஃபைல் பெயரோடு வருஷத்தையும் சேர்த்து மறுபடி ஓட்டி, குளோரியா வீட்டுக்கே கொண்டுபோனான். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. டெரிக் நாலு வாக்கியம் பேசிவிட்டு, தொண்டை அடைத்து நிறுத்தினார். யாரோ நடந்து வரும் செருப்புச் சத்தம். மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு மைக்கை மறந்து, "தேங்க்ஸ், குளோ" என்றார்.

குளோரியா அழுதுகொண்டே சிரித்தார். "நான்தான் தம்பி எடுத்துட்டுப் போனேன். இன்னொரு வாட்டி போடு."

ஷெர்வின் போட்டான். அவர் கேட்காமலேயே இன்னொரு தடவையும் போட்டான்.